கேஸா, கரண்ட்டா? தீர்ப்பு மீட்டர் கையில!

"மாப்ள, ரூம் எடுத்தாச்சு. கேஸ் அடுப்பு வாங்குவோமா, இண்டக்ஷன் வாங்குவோமா?" ஹாஸ்டல் சாம்பாருக்குப் பெரிய கும்பிடு போட்டுட்டு வெளியே வர்ற எல்லா கேங்குலயும் இந்தப் பட்டிமன்றம் உண்டு. நடுவர் யார் தெரியுமா? உங்க வீட்டு கரண்ட் மீட்டர்! எப்படின்னு கேக்குறீங்களா? கால்குலேட்டரை எடுங்க பாஸ்!

ஒரு சிலிண்டர், எத்தனை யூனிட்?

வீட்டு சிலிண்டர்ல 14.2 கிலோ கேஸ் இருக்கு. அதை முழுசா எரிச்சா வர்ற வெப்பம் சுமார் 180 யூனிட் கரண்ட்டுக்குச் சமம். ஆனா நல்ல கேஸ் அடுப்புலகூட அதுல 68 சதவிகிதம் அளவுதான் பாத்திரத்துக்குப் போகும். மீதி சூடு சமைக்கிறவங்க முகத்துல அடிக்கும். இண்டக்ஷன்ல கண்ணாடிக்குக் கீழே இருக்கிற செப்புக் கம்பிச் சுருள் காந்தப்புலத்தை உருவாக்கி, பாத்திரத்தோட அடியையே சூடாக்குது. அதனால சுமார் 85 சதவிகிதம் உள்ளே போயிடும். கணக்குப் போட்டா, ஒரு சிலிண்டர் செய்யுற வேலையை இண்டக்ஷன் 145 யூனிட்டுல முடிச்சிடும்.

ஆறு ரூபாய் ஃபார்முலா

2025 ஏப்ரல்ல சென்னையில சிலிண்டர் விலை 868.50 ரூபாய். அதை 145-ஆல வகுத்தா 6 ரூபாய். யூனிட் அதுக்குக் கீழேன்னா கரண்ட் லாபம், மேலேன்னா கேஸ் லாபம்!

2024 ஜூலை கட்டணப்படி, ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் ஃப்ரீ. அடுத்த 100 ரெண்டு ரூபாய் சொச்சம். 400 வரைக்கும் நாலே முக்கால் ரூபாய்க்குப் பக்கம். 500 தாண்டினா எட்டு ரூபாய்க்கு மேல. அதோட அந்த ரெண்டு ரூபாய் சலுகையும் போச்சு!

ரெண்டு மாசத்துக்கு ஒரு சிலிண்டர் ஆகுற வீடுகளைப் பார்ப்போம். இப்ப 150 யூனிட் ஓடுற வீடு முழுசா இண்டக்ஷனுக்கு மாறினா, பில்லுல சுமார் 570 ரூபாய்தான் கூடும். ஏற்கெனவே ஏ.சி. போட்டு 450 யூனிட் ஓட்டுற வீடுன்னா? 1,350 ரூபாய்க்குக் குறையாது. அதே அடுப்பு, அதே சாம்பார்தான் மக்களே!

மலை மேல கதை வேற

திண்டுக்கல்லேர்ந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறினா சிறுமலை. ஆயிரம் மீட்டர் உயரத்துல தண்ணி சுமார் 97 டிகிரியிலயே கொதிச்சிடும். பருப்பு வேக நேரம் பிடிக்கும். எந்த அடுப்பானாலும் குக்கரை மறக்கக்கூடாது.

தமிழ்நாட்டுல 2006-ல் வந்த அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்துச்சு. 2016-ல் மத்திய அரசோட உஜ்வலா வந்துச்சு. அடுப்பு வந்துடுச்சு, ஆனா அடுத்த சிலிண்டருக்குக் காசு? அது இல்லாத மாசம் மறுபடி விறகு, மறுபடி புகை. அதைக் குடிக்கிறது பெரும்பாலும் அம்மாதான். நாலு பல்பு, ஒரு டி.வி. மட்டும் ஓடுற வீட்டுல 60 யூனிட்தான் ஆகுதுன்னு வைங்க. மிச்சம் 40 ஃப்ரீ யூனிட் கால் சிலிண்டருக்கும் மேல! காலை டீயும் ராத்திரி சோறும் அதுல முடிஞ்சா, சிலிண்டர் அதிக நாள் வரும். ஆனா மரம் விழுந்து லைன் கட்டானா இண்டக்ஷன் வெறும் கண்ணாடிப் பலகைதான். அதனால மலையில ரெண்டும் வேணும்.

ரூம்மேட்ஸ் கவனிங்க!

* 2,000 வாட் அடுப்பு 9 ஆம்ப்ஸ் வரை இழுக்கும். செல்போன் சார்ஜர் சொருகுற பாயிண்ட்லயோ எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்லயோ மாட்டாதீங்க. பெரிய 15 ஆம்ப்ஸ் பாயிண்ட் வேணும்.
* ஃப்ரிட்ஜ் காந்தம் பாத்திரத்தோட அடியில ஒட்டுதா? ஓகே. சாதா அலுமினியச் சட்டி, மண்சட்டி வேலைக்கு ஆகாது.
* ஹவுஸ் ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குறாரா? 5 கிலோ சின்ன சிலிண்டர் விலையையும் விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்க.
* கேஸ் வாசனை வந்தா ஸ்விட்சைத் தொடாதீங்க. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துட்டு, வெளியே போய் 1906-க்கு போன் போடுங்க.

விலை மாறும், கட்டணமும் மாறும். ஃபார்முலா மாறாது. சிலிண்டர் விலையை 145-ஆல வகுங்க, உங்க கடைசி ஸ்லாப்போட ஒப்பிடுங்க. இந்த வாரம் ஊருக்குப் போனா, "என்ன சமையல்?"னு கேக்குறதுக்கு முன்னாடி அம்மாகிட்ட கரண்ட் பில்லை வாங்கிப் பாருங்களேன்!