வாவிக்கரையும் நீதிஸ்தலமும் – 9: காலம் கடந்து வரும் சட்டத்தரணி

1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை வழங்குவதை விதியாகவும் மறுப்பதை விதிவிலக்காகவும் வகுத்திருந்தபோதிலும், தனக்காக எழுந்து பேச ஒருவருமில்லாத ஏழை அச்சட்டத்தின் பயனைக் காணாமலே விளக்கமறியலில் நாட்களைக் கழிக்கிறான் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். அப்படிப்பட்டவனுக்கு அரசாங்கம் தன் செலவிலே ஒரு சட்டத்தரணியை எப்பொழுது கொடுக்கிறது, வழக்கின் எந்தக் கட்டத்திலே கொடுக்கிறது என்பதே இவ்வாரத்து விஷயம்.

ஏட்டளவில் நமது நாடு இவ்விஷயத்தில் வறுமைப்பட்டதன்று. குற்றஞ் சாட்டப்பட்ட எவரும் தாமாகவோ சட்டத்தரணி மூலமாகவோ நியாயமான விசாரணையிலே கேட்கப்படுவதற்கு உரித்துடையவர் என்று 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(3) ஆம் உறுப்புரை சொல்கிறது; 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 260 ஆம் பிரிவும் அவ்வுரித்தையே வலியுறுத்துகிறது. ஆனால் அந்தச் சட்டத்தரணிக்குரிய வேதனத்தை யார் கொடுப்பது என்பதைப் பற்றி இவ்விரண்டும் மௌனமாயிருக்கின்றன. அக்குறையை ஓரளவு நிவர்த்தி செய்யும் பொருட்டு, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டத்தினாலே சட்ட உதவி ஆணைக்குழு ஸ்தாபிக்கப்பட்டது. மட்டக்களப்பிலும் அதற்கு அலுவலகம் உண்டு. தாபரிப்புக் கேட்டு வரும் பெண்களும் காணிப் பிணக்குடன் வரும் முதியவர்களுமே அங்கே அதிகமாகச் செல்கிறார்கள் என்றாலும், குற்ற வழக்கில் அகப்பட்ட ஏழையும் அதன் கதவைத் தட்டலாம்.

மேல் நீதிமன்றத்திலே ஏற்பாடு இன்னும் தெளிவானது. சட்டமா அதிபர் அனுப்பிய குற்றப்பத்திரம் எதிரியின் கையிலே கொடுக்கப்படும்போது, சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லை என்று அவன் சொன்னால், நீதிபதி அரச செலவில் ஒருவரை நியமித்துக் கொடுக்கிறார். முற்காலத்தில் உயர் நீதிமன்ற நீதியரசர்கள் சுற்று வந்து அசைஸ் நடத்திய நாட்களிலும், கொலைக் குற்றத்திற்கு ஆளான ஏழைக்காக ஓர் அப்புக்காத்தை நீதிமன்றமே நியமிக்கும் வழக்கம் இருந்தது. இந்தக் கடமையை, கிடைப்பது சொற்ப வேதனமேயானாலும், மனச்சாட்சியோடு செய்து முடிக்கின்ற சட்டத்தரணிகளை நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன். என் ஆதங்கமெல்லாம் அவர்கள் அழைக்கப்படும் காலத்தைப் பற்றியதே. அவர்கள் கோவையைத் திறக்கும் நாளிலே, எதிரி கைதாகிப் பல மாதங்களோ சில வேளை வருஷங்களோ கழிந்திருக்கும். அவனுடைய வாக்குமூலம் எழுதப்பட்டு, சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, காயமிருந்திருந்தால் அதுவும் ஆறிப்போயிருக்கும்.

அந்தத் தாமதம் கைதாகும் நாளிலேயே தொடங்குகிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலே, மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் நடுவே உள்ளது போல நெடுங்காலம் படகுப்பாதையையே நம்பியிருந்த துறைகள் பல. மண்முனைப் பாலம் 2014 இலே திறக்கப்பட்ட பின்னர் பிரயாணம் இலகுவாயிற்று. எனினும் வெல்லாவெளிப் பக்கத்து உட்கிராமமொன்றில் ஒருவனைப் பொலிசார் மாலையில் பிடித்துச் சென்றால், செய்தி வீட்டுக்கு எட்டி, வீட்டார் காசு புரட்டி, பட்டினத்துக்கு வந்து ஒரு சட்டத்தரணியின் வாசலைக் கண்டுபிடிப்பதற்குள், சட்டம் பொலிசாருக்கு அனுமதித்திருக்கும் இருபத்து நான்கு மணி நேரமும் கழிந்து, அவன் நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டு விடுகிறான். கசிப்பு வைத்திருந்தான், அனுமதிப்பத்திரமின்றி மணல் ஏற்றினான் என்ற சிறு குற்றங்களானால், “குற்றத்த ஒத்துக்கொள்ளுங்க தம்பி, தெண்டத்தக் கட்டிற்று வீட்ட போகலாம்” என்று விறாந்தையிலே நிற்கும் யாரோ ஒருவர் சொல்லும் புத்தியே அவனுக்குக் கிடைக்கும் ஏக சட்ட ஆலோசனை. குற்றம் செய்யாதவனும் அதைக் கேட்டு ஒத்துக்கொள்கிறான். அந்தத் தீர்ப்பு அவன் பெயரோடு நிலைத்துவிடுகிறது.

பாரிய குற்றங்களில் நேருவது இதனினும் கொடியது. அதற்கு மட்டக்களப்பு மண்ணிலிருந்தே, சட்டப் புத்தகங்களில் இடம்பெற்றுவிட்ட ஒரு வழக்கைச் சொல்லலாம். சிங்கராசா வழக்கு என்று அதற்குப் பெயர். 1993 ஜூலையில், பெருந்தொகையான தமிழ் ஆண்களோடு சேர்த்து சிங்கராசா என்பவரும் மட்டக்களப்பிலே கைது செய்யப்பட்டார். அவ்வாண்டு டிசெம்பரிலே உதவிப் பொலிஸ் அத்தியட்சர் ஒருவர் முன்னிலையில் அவருடைய குற்ற ஒப்புதல் பதிவாயிற்று. பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரே மொழிபெயர்க்க, அவருக்கு விளங்காத சிங்களத்திலே தட்டச்சுச் செய்யப்பட்ட அந்தத் தாளிலே அவருடைய பெருவிரல் அடையாளம் வாங்கப்பட்டது. யாழ்ப்பாணக் கோட்டை, பலாலி, காங்கேசன்துறை, ஆனையிறவு ஆகிய இராணுவ முகாம்களின் மீதான தாக்குதல்களில் பங்குகொண்டாரென்ற குற்றப்பத்திரம் 1994 செப்டெம்பரில் கொழும்பு மேல் நீதிமன்றத்திலே தாக்கலாயிற்று. அரச செலவிலான சட்டத்தரணி நியமிக்கப்பட்டது அம்மாத இறுதியில், கைதாகிப் பதினான்கு மாதங்களுக்குப் பின்னர். வழக்கின் ஒரே ஆதாரமான அந்த ஒப்புதல் எழுதப்பட்டபோது அவர் பக்கத்தில் சட்டத்தரணி எவருமில்லை.

சாதாரண வழக்கானால், பொலிஸ் உத்தியோகத்தரிடம் செய்த ஒப்புதலை எதிரிக்கு விரோதமாக நிரூபிக்கலாகாது என்று 1895 ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு அவரைக் காப்பாற்றியிருக்கும். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ அந்தக் காவலை நீக்கி, ஒப்புதல் பலாத்காரத்தினாலே பெறப்பட்டது என்று காட்டும் பாரத்தையும் எதிரியின் தலையிலேயே சுமத்தியது. சித்திரவதைக்கு ஆளானேன் என்று அவர் சொன்னார். வைத்தியச் சான்றிதழும் காட்டப்பட்டது. நீதவான் முன் கொண்டுவரப்பட்டபோது ஏன் முறையிடவில்லை என்பது அவருக்கு விரோதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. 1995 இல் ஐம்பது வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. 1999 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை முப்பத்தைந்தாகக் குறைத்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு 2004 ஜூலையில் வெளியிட்ட அபிப்பிராயத்தில், மீண்டும் பொலிஸ் தடுப்புக்கே திரும்பிச் செல்லப் போகிறவன் நீதவானிடம் முறையிடாததைக் கொண்டு அவன் பொய் சொல்கிறான் என்று ஊகிப்பது எவ்விதத்திலும் நிலைக்கத்தக்கதன்று என்றும், பொலிஸ் விசாரணை முடிந்து ஒரு வருஷத்துக்குப் பின் பெற்ற வைத்தியச் சான்றிதழ் தெளிவற்றிருப்பதைக் கொண்டு முறைப்பாட்டைத் தள்ளியதும் தவறு என்றும் கூறியது. அவ்வபிப்பிராயத்தை ஆதாரமாகக் கொண்டு தீர்ப்பை மீளாய்வு செய்யும்படி கேட்ட மனுவை, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான உயர் நீதிமன்ற ஆயம் 2006 செப்டெம்பர் 15 ஆம் திகதி நிராகரித்தது. அந்த மனிதருக்குத் தேவைப்பட்டது பல வருஷங்களுக்குப் பின் ஜெனீவாவிலிருந்து வந்த நியாயமன்று. முதல் தரம் நீதவான் முன் நின்ற அன்று, “ஐயா, இவருடைய உடலைச் சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்க வேண்டும்” என்று அவர் சார்பிலே எழுந்து சொல்ல ஒரே ஒருவர்.

இந்தியாவிலே இதனை நீதிமன்றமே உணர்ந்து சொல்லியிருக்கிறது. பீகாரிலுள்ள பாகல்பூரில் பொலிசார் சந்தேக நபர்களின் கண்களைக் குத்தி அமிலம் வார்த்துக் குருடாக்கிய கொடுமை 1980 இல் வெளிவந்தபோது, அவர்களிற் பலர் நீதவான் முன் சட்டத்தரணியின்றியே நிறுத்தப்பட்டிருந்தது தெரியவந்தது. அவர்கள் கேட்கவில்லை, ஆதலால் கொடுக்கப்படவில்லை என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். இலவசச் சட்ட உதவி வழக்கு விளக்கத்திலே அன்று, நீதவான் முன் முதன்முறை நிறுத்தப்படும்போதே தொடங்குகிறது என்றும், அவ்வுரிமை உண்டென்பதை எதிரிக்கு அறிவிப்பது நீதவானின் கடமை என்றும், பணமில்லை என்று அரசு தப்பிக்கொள்ள முடியாது என்றும் நீதியரசர் பி. என். பகவதி அவ்வாண்டு டிசெம்பரிலேயே தீர்ப்பளித்தார். கேட்கத் தெரியாதவனுக்கே உதவி அதிகம் வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

நமது நாட்டிலும், சிங்கராசா தீர்ப்புக்கு அடுத்த ஆண்டு, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கமாக நிறைவேறியது. வசதியற்ற எதிரிக்கு, நீதியின் நலன் வேண்டும் இடத்தில், கட்டணமின்றிச் சட்ட உதவி நியமிக்கப்பட வேண்டும் என்கிறது அதன் 4 ஆம் பிரிவு. நல்ல பிரிவுதான். ஆனால் அது குற்றஞ் சாட்டப்பட்டவரைப் பற்றிப் பேசுகிறது. குற்றம் இன்னும் சாட்டப்படாமல், சந்தேகத்தின் பேரில் மாத்திரம் அடைபட்டிருப்பவன் அதன் நிழலுக்கு வெளியே நிற்கிறான். பொலிஸ் நிலையத்துக்கு வரும் சட்டத்தரணியை எவ்வாறு மரியாதையுடன் நடத்த வேண்டும் என்று 2012 இலே விதிகள் ஆக்கப்பட்டன. வருவதற்கே ஒரு சட்டத்தரணி இல்லாதவனுக்கு அவற்றால் என்ன பிரயோசனம்? நீதவான் நீதிமன்றம் ஒவ்வொன்றிலும் அன்றாடம் ஒரு சட்டத்தரணியை அரச செலவில் நிறுத்தி, கூண்டிலேறும் ஒவ்வொருவரையும் கூண்டிலேறுமுன் அவர் சந்தித்துப் பேசும்படி சட்டமே கட்டளையிட வேண்டும் என்பது என் துணிபு.

அது வரும்வரை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழே. ஆகையால் நீதவான் முன் நிறுத்தப்பட்டவர் தம் மொழியிலேயே, தமக்குச் சட்டத்தரணி இல்லை, அமர்த்த வசதியும் இல்லை, சட்ட உதவி வேண்டும் என்று கூறி, அதை வழக்கேட்டிலே பதிந்துகொள்ளும்படி கேட்கலாம். வீட்டார் அவருடைய அடையாள அட்டை விபரத்தையும், வருமானத்தைக் காட்டும் கிராம சேவகரின் கடிதத்தையும், வழக்கிலக்கத்தையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். அடித்தார்கள் என்றால் அன்றைக்கே, திரும்பிக் கொண்டுபோவார்களே என்ற பயமிருந்தாலும், அதை நீதவானிடம் சொல்லிச் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேட்பது அவசியம். பொலிஸ் தடுப்புக்கே திருப்பி அனுப்பாமல் சிறைச்சாலைக் காவலில் வைக்கும்படியும் அப்பொழுதே விண்ணப்பிக்கலாம்.

(தொடரும்)