உடும்புக்கு வழி விடுங்கள்

மும்பையில், சீத்தா கேம்ப்பின் கடைசி வீடுகளைத் தாண்டி ட்ராம்பே ஜெட்டிப் பக்கம் நடந்தால், ஒரு புறம் தகரக் கூரைகள், மறு புறம் கண்டல் காடு. மழை ஓய்ந்த ஒரு காலையில் அந்தக் கரையில் நடந்துகொண்டிருந்தேன். புதரோரம் உடைந்து கிடந்த கான்கிரீட் பாளத்தின் மேல் உடும்பு ஒன்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வாலோடு சேர்த்து நான்கடி இருக்கும். சாம்பல் கலந்த பழுப்பு உடல், தடித்த கழுத்து. பிளந்த நாக்கு வெளியே வந்து வந்து போனது.

பின்னால் வந்த பையன்கள் கல்லைப் பொறுக்கினார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த பெரியம்மா ஒருவர் அதட்டினார்: "ஏலே, கல்லைக் கீழ போடுங்கலே! அது உங்கள என்ன செஞ்சுது?" உடும்பு நிதானமாக இறங்கி வேர்களுக்கிடையே புகுந்துகொண்டது.

அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒன்றே ஒன்று: அது நம்மை எதுவும் செய்வதில்லை. நாம்தான் அதை விட்டுவைப்பதில்லை.

துப்புரவுப் பணியாளர்

இந்தியாவில் நான்கு வகை உடும்புகள் உண்டு. மும்பையிலும் தமிழ்நாட்டிலும் பரவலாக வாழ்வது வங்க உடும்பு. நன்கு வளர்ந்தது ஐந்தடியைத் தாண்டும். இந்தோனேசியாவின் புகழ்பெற்ற கொமோடோ டிராகனும் இதே குடும்பம்தான்.

பகலில்தான் இதற்கு வேலை. நாக்கு காற்றிலுள்ள வாசனைத் துகள்களை வாரி வந்து மேலண்ணத்திலுள்ள உணர்வு உறுப்பிடம் சேர்க்கிறது. அதை வைத்தே இரை இருக்குமிடம் தெரிந்துகொள்கிறது. வண்டு, நத்தை, நண்டு, தவளை, எலி, முட்டை, செத்த பிராணி என எதையும் தின்னும். குப்பையும் எலியும் பெருகிக் கிடக்கும் கரையோரக் குடியிருப்புக்கு இதைவிட நல்ல துணை ஏது? மழை வெள்ளம் வளையை நிரப்பும்போதும், இரை தேடும்போதும் சில சமயம் வீட்டுப் பக்கம் வந்துவிடுகிறது. வந்த இடத்தில் அடி விழுகிறது.

பயமும் பொய்யும்

வட இந்தியாவில் உடும்புக் குட்டியை 'பிஸ் கோப்ரா' என்று அழைத்து, நாகத்தைவிடக் கொடிய விஷம் கொண்டது என்று நம்புகிறார்கள். பாம்புக்கு இருப்பதுபோல் அதற்கு நச்சுப்பல் கிடையாது. கடித்தால் புண்ணாகும், கிருமி சேரலாம். மருத்துவரிடம் காட்டினால் போதும். அதுவும் தப்பியோட வழியே இல்லாமல் மடக்கினால்தான் உடலை உப்பிச் சீறும், வாலால் அடிக்கும்.

1670-இல் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே, 'யஷ்வந்தி' என்ற உடும்பின் உடலில் கயிறு கட்டிச் சிங்ககட் கோட்டை ஏறிய கதை மராட்டிய மண்ணில் எல்லோருக்கும் தெரியும். வரலாற்றாசிரியர்கள் பலர் இதை ஏற்பதில்லை. ஆனாலும் உடும்பின் நகப் பிடியை மக்கள் எவ்வளவு வியந்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் கதை சாட்சி.

வியந்த கைகளே கொன்றும் இருக்கின்றன. நம் கஞ்சிராவுக்கு வழிவழியாகப் போர்த்தியது உடும்புத் தோல்தான். இன்று ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா செய்கிறார்கள். அந்த மாற்றத்தைக் கச்சேரி ரசிகர்கள் மனதார வரவேற்க வேண்டும். இன்னொரு வியாபாரம் இதைவிட மோசமானது. அதிர்ஷ்டம் தரும் அபூர்வ வேர் என்று 'ஹத்தா ஜோடி'யை விற்கிறார்கள். அது வேரே இல்லை. ஆண் உடும்பின் காய்ந்த இனப்பெருக்க உறுப்பு. 2017-இல் ஆய்வாளர்கள் இந்த மோசடியை உலகறியச் செய்தார்கள். பூஜையறைக்கென்று அதை வாங்கியவர்களில் பலருக்கு, தாங்கள் வாங்கியது கொல்லப்பட்ட ஓர் உயிரின் உறுப்பு என்று தெரியாது.

ஒரே கரை, இரு குடிகள்

1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்காக ஜனதா காலனி என்ற குடியிருப்பு காலி செய்யப்பட்டது. சுமார் 70,000 பேர் இந்தச் சதுப்போரத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பலர் தமிழர்கள். அவர்களுக்காகப் போராடியவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம். பின்னாளில் மகசேசே விருது பெற்றார். கேட்காமல் கிளப்பிவிடப்படுவது என்னவென்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இங்கே ஏற்கெனவே குடியிருந்தவை கண்டல் காட்டின் உயிர்கள். அந்தக் காட்டை வெட்டவும் மூடவும் 2005-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. இந்தக் கரையை ஒட்டிய தாணே கழிமுகம் 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமானது. பூநாரைகளைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அழகான பறவைக்குக் கிடைக்கும் அன்பில் ஒரு பங்கு, சொரசொரத்த தோலுடைய உடும்புக்கும் கிடைக்க வேண்டும்.

கண்டால் என்ன செய்வது?

நடைபாதையில் கண்டால் நில்லுங்கள், விலகி வழி விடுங்கள். துரத்த வேண்டாம், படமெடுக்க நெருங்க வேண்டாம். வீட்டுக்குள் வந்துவிட்டால் குழந்தைகளையும் நாயையும் தள்ளி வையுங்கள். வெளியேறும் கதவைத் திறந்து விடுங்கள். போகாவிட்டால் மகாராஷ்டிர வனத்துறையின் 1926 எண்ணை அழையுங்கள். யாரும் கையால் பிடிக்கக் கூடாது.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உடும்பு இருக்கிறது. புலிக்குரிய அதே பாதுகாப்பு. கொன்றாலோ, விற்றாலோ குறைந்தது மூன்று ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். ஆனால் சிறைக்குப் பயந்து கல்லைக் கீழே போடும் பையன், யாரும் பார்க்காதபோது மறுபடி எடுப்பான். உடும்பைப் பற்றித் தெரிந்துகொண்ட பையன் எடுக்க மாட்டான். இங்குள்ள பள்ளிகள் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு தமிழிலும் மராத்தியிலும் உருதுவிலும் இதைச் சொல்லித் தரட்டும். ஜெட்டிச் சாலையில் வனத்துறை மும்மொழிப் பலகை ஒன்று வைக்கட்டும். பெரிய செலவில்லாத வேலை. இந்த மழைக்கு முன்பே செய்துவிடலாம்.