காற்று மெத்தை வாங்கலாம், வாங்க!

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருக்கிறீர்களா, குழந்தைகளே? அடுத்த முறை போனால், கரையோரம் கட்டியிருக்கும் படகுகளின் பக்கவாட்டைப் பாருங்கள். பழைய டயர்களைக் கயிற்றில் கட்டி, மாலை போட்டது போலத் தொங்க விட்டிருப்பார்கள். அழகுக்காக அல்ல! அலையில் ஆடும்போது படகும் படகும் முட்டிக்கொள்ளும். சில நேரம் படகு துறைமுகச் சுவரில் போய் இடிக்கும். அந்த இடியை டயர் வாங்கிக்கொள்ளும். படகுக்குச் சேதம் வராது.

ரோட்டில் ஓடி ஓய்ந்த டயருக்குக் கடலில் கிடைத்த வேலை இது. யோசித்துப் பார்த்தால், ரோட்டிலும் அது இதே வேலையைத்தான் செய்து வந்தது. இடியைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றியது.

ஒரு வீட்டில் பதினைந்து வருடம் ஓடிய கார் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சின்னப் பள்ளத்தில் இறங்கினாலே 'தடால்' என்று தூக்கிப் போடுகிறது. பாட்டி, "ஐயோ, என் இடுப்பு!" என்கிறார். அப்பா புது டயர் வாங்க நினைக்கிறார். கடையிலோ வரிசை வரிசையாக டயர்கள்! எதை வாங்குவது?

இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லலாம். பெருக்கலும் சதவீதமும் தெரிந்தால் போதும்.

ஒரு சிறுவனுக்காக வந்த டயர்

முதலில் ஒரு கதை. முன்பெல்லாம் வண்டிச் சக்கரங்களுக்கு இரும்புப் பட்டையோ கெட்டி ரப்பரோதான் போடுவார்கள். கல் ரோட்டில் போனால் எலும்பெல்லாம் ஆடிப்போகும். ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர், காற்று அடைத்த சக்கரத்துக்கு 1845-ம் ஆண்டிலேயே காப்புரிமை வாங்கினார். ஆனால், அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

பல வருடங்கள் கழித்து, அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய சின்ன மகன் மூன்று சக்கர சைக்கிளை கல் ரோட்டில் ஓட்டச் சிரமப்பட்டான். மகனுக்காக அப்பா ரப்பர் குழாய் செய்தார். அதில் காற்றை அடைத்துச் சக்கரத்தில் மாட்டினார். சைக்கிள் வழுக்கிக்கொண்டு ஓடியது! 1888-ம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் வாங்கினார்.

ஆக, காற்றடைத்த டயர் உலகத்துக்குப் பரவியது ஒரு சிறுவனின் சொகுசுக்காக. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சொகுசைக் கொடுத்தது ரப்பர் மட்டும் அல்ல. உள்ளே இருந்த காற்று. ரப்பர் வெறும் பை. மெத்தை என்பது காற்றுதான்!

நான்கு உள்ளங்கை இடம்

ஆட்களோடு சேர்த்து ஒரு சின்னக் காரின் எடை 1000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு டயர்கள் பங்கு போட்டால், ஒரு டயருக்கு 250 கிலோ. டயருக்குள் இருக்கும் காற்று, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 2 கிலோ எடையைத் தாங்கும் அளவுக்கு அழுத்திக்கொண்டிருக்கிறது. 250-ஐ 2-ஆல் வகுத்தால் 125. அதாவது, ஒரு டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 125 சதுர சென்டிமீட்டர்தான். ஏறக்குறைய ஒரு பெரியவரின் உள்ளங்கை அளவு!

அப்பா, அம்மா, பாட்டி, நீங்கள் எல்லோரும் போவது நான்கு உள்ளங்கை இடத்தை நம்பித்தான். டயர் வாங்கும்போது ஏன் கவனம் வேண்டும் என்று இப்போது புரிகிறதா?

முதலில் அளவு, பிறகு பளபளப்பு

நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த காலத்தில், முத்து வியாபாரிகள் பளபளப்பைப் பார்த்து மயங்கி விலை சொல்ல மாட்டார்கள். அவர்களிடம் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருக்கும். முதல் சல்லடையில் 20 துளைகள். கடைசியில் 1000 துளைகள். முத்துகளை அவற்றில் சலித்து, அளவு வாரியாகப் பிரித்த பிறகுதான் உருண்டையையும் ஒளியையும் பார்ப்பார்கள்.

டயருக்கும் அதே வழிதான். அளவுதான் முதலில்! அந்த அளவு டயரின் பக்கச்சுவரிலேயே எழுதியிருக்கும். 2000-ம் ஆண்டு நம் நாட்டில் அறிமுகமான மாருதி ஆல்டோ காரை எடுத்துக்கொள்வோம். அதன் டயரில் '145/80 ஆர் 12' என்று இருக்கும். இது என்ன ரகசிய மொழி?

145 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம் என்று பொருள். 'ஆர்' என்ற எழுத்து டயரின் உள்கட்டமைப்பைச் சொல்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். 12 என்பது டயர் உட்காரும் இரும்பு ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

145-ல் 80 சதவீதம் எவ்வளவு? 116 மி.மீ. அதுதான் பாட்டிக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் காற்று மெத்தையின் உயரம்.

இதை அடுத்து '74டி' என்பது போல ஒரு குறியீடும் இருக்கும். 74 என்றால், அந்த டயர் 375 கிலோ வரை சுமக்கும். 'டி' என்ற ஆங்கில எழுத்து, மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பதற்கு அடையாளம். அந்த வேகத்தில் போகலாம் என்று அர்த்தம் இல்லை!

பெரிய சக்கரம் நல்லதா?

கடையில் சிலர், "அலாய் வீல் போடுங்க, ஒரு அங்குலம் பெரிசா போடுங்க, கார் ஜம்முனு இருக்கும்" என்பார்கள். ஆல்டோவுக்கு '155/65 ஆர் 13' டயரைச் சிலர் மாட்டுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாமா?

155-ல் 65 சதவீதம் 100.75 மி.மீ. பழைய டயரின் பக்கச்சுவர் 116 மி.மீ. இருந்தது அல்லவா? இப்போது மெத்தையின் உயரம் 15 மி.மீ.க்கும் மேல் குறைந்துவிட்டது! டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான். ரிம் வளர்ந்தது, காற்றுக்கு இடம் சுருங்கியது. வளைவில் கார் கொஞ்சம் உறுதியாகத் திரும்பும் என்பது உண்மை. ஆனால், பள்ளத்தில் இறங்கினால் இடுப்புக்குத்தான் அடி.

பார்க்க அழகு வேண்டுமா, பாட்டிக்குச் சுகம் வேண்டுமா? சுகம்தான் வேண்டும் என்றால், காரைத் தயாரித்தவர்கள் சொன்ன அதே அளவை வாங்குவதே நல்லது. அது கார்க் கையேட்டில் இருக்கும். பல கார்களில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாலும் ஒரு ஸ்டிக்கரில் இருக்கும்.

2014-ம் ஆண்டோடு தயாரிப்பு நின்றுபோன அம்பாசிடர் காரைத் தாத்தாமார் இன்னும் புகழ்வார்களே, ஏன் தெரியுமா? அந்தச் சொகுசுக்குப் பல காரணங்கள் உண்டு. அதன் உயரமான, நல்ல சதைப்பற்றுள்ள டயர்களும் அதில் ஒன்று.

ஓலைப் பெட்டியும் குடைக் கம்பியும்

டயருக்குள் வெறும் ரப்பர் மட்டும் இல்லை; நூல் அடுக்குகள் உண்டு. பழைய வகை டயரில் நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து போகும். நம் மாவட்டத்து மணப்பாட்டில் முடையும் ஓலைப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பின்னல் உறுதியானது, ஆனால் எளிதில் வளையாது.

'ரேடியல்' டயரில் நூல்கள், குடைக் கம்பிகள் போல, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகப் போகும். 'ஆர்' என்ற எழுத்து இதைத்தான் குறிக்கிறது. தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் இருக்கும். அதனால் அடிப்பகுதி உறுதியாக நிற்கும். பக்கச்சுவர் மட்டும் தாராளமாக வளைந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பிரான்ஸ் நாட்டு மிச்செலின் நிறுவனம் 1946-ம் ஆண்டு இதற்குக் காப்புரிமை பெற்றது. இன்று கார்களுக்கு விற்பவை பெரும்பாலும் ரேடியல்தான். இரண்டு வகையையும் ஒரே காரில் கலந்து மாட்டக் கூடாது.

பிறந்த நாள் பார்த்து வாங்குங்கள்

பள்ளியில் சேர்க்கும்போது உங்கள் பிறந்த தேதியைக் கேட்டார்கள் அல்லவா? டயருக்கும் கேட்க வேண்டும். பக்கச்சுவரில் ஒரு சின்ன வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். '3524' என்று இருந்தால், 2024-ம் ஆண்டின் 35-வது வாரத்தில் பிறந்தது என்று பொருள்.

இது ஏன் முக்கியம்? ரப்பரும் கிழடாகும்! வெயிலும் காற்றும் பட்டுப் பட்டு அது இறுகிப்போகும். நுண்ணிய வெடிப்புகள் விழும். இறுகிய டயர் அதிர்ச்சியைத் தாங்காது. ஈர ரோட்டில் பிடிப்பும் குறையும். பழைய கார் அதிகம் ஓடாமல் வெயிலில் நிற்கும். பட்டன் எல்லாம் புதுசு போல இருக்கும். "இன்னும் தேயலையே" என்று நினைத்துவிடுவோம். தூத்துக்குடி வெயிலில் நிற்கும் காருக்கு இந்த ஏமாற்றம் அதிகம்.

ஐந்து வருடம் ஆனால், ஆண்டுதோறும் டயரைக் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். பத்து வருடம் ஆனால், தேயாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும் என்று பல டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னிக்கும் இதே விதிதான்!

மொட்டை டயரும் அடைமழையும்

டயரில் வாய்க்கால் போன்ற பள்ளங்கள் இருக்கின்றனவே, அவை எதற்கு? மழைத் தண்ணீரை வெளியே தள்ள. பள்ளம் தேய்ந்த மொட்டை டயர் தண்ணீரைத் தள்ள முடியாமல், அதன் மேலேயே மிதக்கும். அப்போது பிரேக் பிடித்தாலும் கார் கேட்காது.

2023 டிசம்பரில் நம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் எந்த டயரும் உதவாது. வண்டியை எடுக்கவே கூடாது. ஆனால், ஐப்பசி கார்த்திகையின் வழக்கமான மழையில் நல்ல டயர் உயிரைக் காக்கும். கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்றியே ஆக வேண்டும். பள்ளங்களுக்குள் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால், "போதும், என்னை விட்டுவிடு" என்று டயர் சொல்வதாக அர்த்தம்.

பட்டன் வடிவத்திலும் சொகுசு உண்டு. பெரிய பெரிய கட்டிகளாக இருந்தால் ரோட்டில் இரைச்சல் போடும். நெருக்கமான, சின்னப் பட்டன்கள் சத்தம் குறைவாக ஓடும்.

புது டயர் மாட்டிய பிறகு

வேலை முடிந்துவிடவில்லை. காற்று அதிகமானால் டயர் பந்து போல் துள்ளும்; குறைந்தால் சூடேறி வெடிக்கலாம். எவ்வளவு காற்று வேண்டும் என்பதும் அந்தக் கதவு ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் மேல் எழுதியிருப்பது அதிகபட்ச அளவு. அதைப் பார்த்து அடைக்கக் கூடாது. காலையில், வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்றைப் பார்ப்பதே சரி.

கடலோர ஊர்க்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் இரும்பு ரிம் துருப்பிடிக்கும். துரு ஏறிய விளிம்பு வழியாக, ட்யூப்லெஸ் டயரிலிருந்து காற்று மெல்லக் கசியும். புது டயர் மாட்டும்போதே ரிம்மைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். வீல் பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கார் தூக்கிப் போட்டால்? ஷாக் அப்சார்பரை மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். அது செத்துப்போயிருந்தால், எவ்வளவு விலை கொடுத்து டயர் வாங்கினாலும் பயன் இல்லை.

தெரியுமா உங்களுக்கு?

* இன்று டயர் செய்யும் எம்.ஆர்.எஃப். நிறுவனம், 1946-ம் ஆண்டு சென்னை திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் பலூன் செய்து தொடங்கியது. அன்றும் காற்றடைக்கும் பைதான், இன்றும் காற்றடைக்கும் பைதான்!

* மாற்றுச் சக்கரத்தை 'ஸ்டெப்னி' என்கிறோமே, அது ஒரு தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டில் ஸ்டெப்னி தெருவில் இருந்த நிறுவனம் 1904-ம் ஆண்டு வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றது.

கணக்குப் போடுங்க!

ஒரு டயரில் '165/80 ஆர் 14' என்றும், வட்டத்துக்குள் '1419' என்றும் இருக்கிறது. காற்று மெத்தையின் உயரம் என்ன? டயர் எப்போது பிறந்தது?

(விடை: 132 மி.மீ.; 2019-ம் ஆண்டின் 14-வது வாரம்.)

விடை சரியா? அப்படியானால் நீங்கள் தேறிவிட்டீர்கள். இன்று மாலையே ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டிருக்கும் காரின் நான்கு டயர்களிலும் ஸ்டெப்னியிலும் உள்ள பிறந்த எண்ணை எழுதி, வீட்டுப் பெரியவர்களிடம் காட்டுங்கள். கார் இல்லாதவர்கள், பள்ளிக்குப் போகும் வேனின் டயர்களைப் பார்க்கச் சொல்லி அம்மா அப்பாவிடம் கேளுங்கள். எண்களை வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் போதும். பாட்டியின் இடுப்பும் பத்திரம், எல்லோரின் பயணமும் பத்திரம்!