கோச்சடையானில் ரஜினி பொம்மை மாதிரி தெரிந்தது ஏன்? ரசிகர்கள் ஓயாத வாக்குவாதம்

சென்னை,

மயிலாப்பூர், தி.நகர் டீக்கடைகளில் ரஜினி ரசிகர்கள் கூடினால் இன்றும் வாக்குவாதத்தை கிளப்பும் படம் 'கோச்சடையான்'. மகள் சவுந்தர்யா இயக்கத்தில் 2014 மே 23-ந்தேதி வெளியானது. தலைவரை பொம்மை ஆக்கிட்டாங்க என்று புலம்புகிறது ஒரு கோஷ்டி. நம்ம ஊரில் இப்படி துணிந்தது யாரு என்று எகிறுகிறது இன்னொரு கோஷ்டி.

நடந்த வேலை இதுதான். நடிகரின் உடையில் சிறுசிறு புள்ளிகளை ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து அசைவை மட்டும் பதிவு செய்வார்கள். 2012-ல் லண்டன் போய் ரஜினி நடித்தது அப்படித்தான். திரையில் நாம் பார்த்த தோல், தலைமுடி எல்லாம் பிறகு கம்ப்யூட்டரில் செய்தது.

நடை, சண்டை ஓரளவு சரியாக வந்துவிடும். சிக்கலே முகத்தில்தான். சிரிக்கும்போது கண்ணோரம் சுருங்குவது கொஞ்சம் தவறினாலும் உயிர் இல்லாத முகமாகி விடும். அதிலும் ஏறக்குறைய 40 வருஷமாக பார்த்துப் பழகிய முகம் ஆச்சே, ரசிகன் விடுவானா?

2009-ல் வந்த 'அவதார்' படத்துக்கு இந்த தொல்லை குறைவு. அதில் வந்தவர்கள் நீலநிற வேற்றுக்கிரகவாசிகள். நிஜத்தோடு ஒப்பிட ஆள் ஏது? 2018-ல் வந்த அனிமேஷன் ஸ்பைடர்மேன் படம் நிஜம் மாதிரி காட்டவே முயலவில்லை. காமிக்ஸ் புத்தகம் போலவே வரைந்து ஆஸ்கார் வாங்கியது.

2009-ல் மறைந்த நாகேசும் இதே கம்ப்யூட்டர் வித்தையில் கோச்சடையானில் வருகிறார். அவரும் பொம்மைதான். ஆனாலும் அவரைப் பார்த்து சிரித்தவர்களில் இந்த நிருபரும் ஒருவர்.