'பங்க்' என்றால் பெட்ரோல் பங்க் மட்டும்தானா? ஆங்கிலத்தில் இதை யாரிடம் சொல்லக் கூடாது?

விதையில்லா திராட்சைக்குப் பேர்போன தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில் "பங்க் எங்கண்ணே இருக்கு?" என்று கேட்டால், பெட்ரோல் போடும் இடத்துக்குத்தான் வழி சொல்வார்கள். பல ஊர்களில் பெட்டிக்கடைகூட 'பங்க் கடை'தான். வகுப்புக்குப் போகாமல் ஊர் சுற்றினால் அதுவும் 'பங்க்'. இவற்றில் எல்லாம் வருவது 'பஸ்' என்பதில் உள்ள 'ப'. 'பல்' என்பதில் உள்ள 'ப'வைப் போட்டுச் சொன்னால் அது வேறு சொல். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, அதனால்தான் குழப்பம்.

அந்த இன்னொரு 'பங்க்' ஒரு வசவு.

யாரைத் திட்டுகிறார்கள்?

பெரும்பாலும் இளவயசுப் பையன்களை. நம்ம ஊர் 'பொறுக்கி'க்கும் 'தறுதலை'க்கும் நடுவில் வைக்கலாம். கூடவே ஒரு இளக்காரம்: நீ பெரிய ரவுடிகூட இல்லடா, வெறும் சுள்ளான். 1971-ல் வந்த 'டர்ட்டி ஹாரி' படத்தில் போலீஸாக வரும் கிளின்ட் ஈஸ்ட்வுட், துப்பாக்கியை நீட்டியபடி குற்றவாளியை இந்தச் சொல்லால்தான் அழைப்பார்.

ஆனால் இதன் பழைய கதை இன்னும் மோசம். ஷேக்ஸ்பியர் காலத்தில் இது பாலியல் தொழில் செய்யும் பெண்ணைக் குறித்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிறைகளில், பலசாலிக் கைதிகளின் பாலியல் வன்முறைக்கு ஆளான இளைஞர்களை இப்படி அழைத்தார்கள். அந்த வாடை முழுசாகப் போகவில்லை. ஓடிடி படம் பார்த்து ஆங்கிலம் பழகி, படிக்கவோ வேலைக்கோ அமெரிக்கா போகிறவர்கள் முன்பின் தெரியாதவரிடம் விளையாட்டாகக்கூட இதைச் சொல்ல வேண்டாம். கைகலப்பில் முடியலாம்.

அப்புறம் எப்படி அது ஸ்டைல் ஆனது?

இசையால். 1976 ஜனவரியில் நியூயார்க்கில் 'பங்க்' என்ற பேரிலேயே ஒரு பத்திரிகை வந்தது. அதே வருஷம் நவம்பரில் லண்டனின் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' குழு முதல் இசைத்தட்டை வெளியிட்டது. கிழிந்த சட்டை, சட்டையில் ஊக்கு, குத்திட்டு நிற்கும் தலைமுடி. திட்டு வாங்கியவர்களே அந்தத் திட்டைப் பட்டமாக மாட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இசை, உடை, முடி பற்றிப் பேசும்போது 'பங்க்' என்பது வசவு அல்ல. 'யாருக்கும் அடங்காதது' என்ற பாராட்டாகவும் இருக்கும். ஆளைப் பார்த்து 'யூ பங்க்' என்றால்தான் பிரச்னை.

வேறு வழக்கும் உண்டு. 'பங்க்ட்' என்றால் குறும்பில் ஏமாந்துபோனது; 2003-ல் எம்டிவி இதே பேரில் நிகழ்ச்சி நடத்தியது. 'பங்க் அவுட்' என்றால் பயந்து பின்வாங்குவது. 'சைபர்பங்க்' 1983-ல் வெளியான ஒரு அறிவியல் புனைகதையின் தலைப்பு.

தமிழில் இப்படி ஒரு சொல் உண்டா?

இருக்கு, ஆனால் எதிர்த் திசையில் போனது. 'புள்ளிங்கோ' என்பது 'பிள்ளைங்க'தான். சென்னைப் பையன்கள் தங்கள் கூட்டாளிகளைப் பாசமாகச் சொன்ன சொல். கானா பாட்டுகள் அதைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோயின. அடுத்தவர் வாயில் விழுந்ததும் அது முத்திரையானது. பைக், கலர் முடி என்று பார்த்தாலே 'புள்ளிங்கோ'. 'புள்ளிங்கோ கட்டிங்' என்று சொல்லி, முடி வெட்டிட்டு வா என்று மாணவர்களைப் பள்ளிகள் திருப்பி அனுப்பியதும் நடந்திருக்கிறது.