கத்தியா? மாத்திரையா?

சென்னை சென்ட்ரலிலிருந்து ஆவடிக்குச் செல்லும் மின்சார ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? வியாசர்பாடி ஜீவா தாண்டியதும் பெரம்பூர். அதற்கடுத்துப் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ், அதையடுத்துப் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ஊர்ப் பெயரோடு பட்டறைப் பெயரையும் சேர்த்துச் சுமக்கும் நிலையங்கள்! இந்தப் பட்டறைகளுக்கு நடுவே தென்னக ரயில்வேயின் பெரிய மருத்துவமனை இருக்கிறது. 1975ஆம் ஆண்டு அங்கே டாக்டர் கே. எம். செரியன் ஓர் இதய அறுவை சிகிச்சையைச் செய்தார். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைத்துக்கொண்டால், உடம்பின் வேறோர் இடத்திலிருந்து ஒரு குழாயை எடுத்து அடைப்பைச் சுற்றி ஒட்டிவிடுகிறார்கள். தண்டவாளம் பழுதான இடத்தைச் சுற்றி மாற்றுப் பாதை போட்டு ரயிலை அனுப்புவது போலத்தான். இதற்குப் 'பைபாஸ்' என்று பெயர். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் பைபாஸ் அதுவே.

நோயாளி பிழைத்து எழுந்து நடக்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள். நாமும் தட்டுவோம். ஆனால் ஓர் ஓரத்தில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் மட்டும் ஒரு கேள்வி கேட்கிறார்: "இந்த அறுவையைச் செய்யாமல், மாத்திரை மட்டும் கொடுத்திருந்தால் இவர் எப்படி இருந்திருப்பார்?"

இப்படிக் கேட்பவருக்கு மருத்துவப் புள்ளியியலாளர் என்று பெயர். அவர் ஒருநாளும் கத்தியைத் தொடுவதில்லை. பெரும்பாலும் நோயாளியைப் பார்ப்பதுகூட இல்லை. ஆனாலும் எந்த ஆபரேஷன் நிலைக்க வேண்டும், எது கைவிடப்பட வேண்டும் என்று தீர்மானிப்பதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

அவருடைய கேள்வி ஏன் இவ்வளவு கடினமானது? பெரம்பூரிலேயே பதில் கிடைக்கும். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் இரண்டு வகை பிரேக்குகளில் எது மேல் என்று அறிய வேண்டுமானால் வேலை சுலபம். ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற இரண்டு பெட்டிகளை எடுத்து, ஒன்றில் இதையும் மற்றதில் அதையும் மாட்டி ஓட்டிப் பார்த்துவிடலாம். மனிதர்கள் அப்படியா? ஒருவர் பீடி புகைப்பவர், இன்னொருவர் தொடாதவர். ஒருவர் திடகாத்திரமானவர், ஒருவர் நோஞ்சான். அறுவை மருத்துவர் தாமே தேர்ந்தெடுத்தால், மயக்க மருந்தைத் தாங்கக்கூடிய பலசாலிகளுக்குத்தான் ஆபரேஷன் செய்வார். பலவீனர்களை மாத்திரைக்கு அனுப்புவார். அது நல்ல மருத்துவரின் இயல்பு. ஆனால் பிறகு கணக்குப் பார்த்தால் ஆபரேஷன் செய்தவர்களே அதிகம் பிழைத்திருப்பார்கள். அது கத்தியின் பெருமையா, அவர்களுடைய உடற்கட்டின் பெருமையா?

இதற்கு வழி சீட்டுக் குலுக்குவதுதான். சிரிக்காதீர்கள்! நாளை உங்கள் வகுப்பிலேயே செய்து பாருங்கள். 40 பேர் இருந்தால் எல்லாப் பெயர்களையும் சீட்டில் எழுதி, ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி, முதலில் வரும் 20 பேரை ஓர் அணியாகவும் மீதியை மற்றோர் அணியாகவும் பிரியுங்கள். இரண்டு அணிகளின் சராசரி உயரத்தைக் கணக்கிடுங்கள். பெரும்பாலும் வித்தியாசம் மிகக் குறைவாகவே இருக்கும். முன்வரிசைப் பெஞ்சுக்காரர்கள், பின்வரிசைப் பெஞ்சுக்காரர்கள் என்று பிரித்திருந்தால் அப்படி இருக்குமா? இன்னும் ஒரு விசேஷம். கண்ணாடி அணிந்தவர்கள், அண்ணன் உள்ளவர்கள், வெண்டைக்காய் பிடிக்காதவர்கள் என்று எதை எண்ணினாலும் இரு அணிகளிலும் ஏறக்குறைய சமமாகவே பிரிந்திருப்பார்கள். நீங்கள் நினைத்தே பார்க்காத குணங்களைக்கூடச் சீட்டு சமமாகப் பங்கிட்டுவிடுகிறது. அணி பெரிதாக ஆக, பங்கீடும் சீராகும்.

இந்தத் தந்திரத்தை மருத்துவத்தில் ஊன்றச் செய்தவர் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்ற ஆங்கிலேயர். 1897இல் பிறந்த அவர் டாக்டராக விரும்பியவர். முதல் உலகப் போரில் விமானியாக இருந்தபோது காசநோய் பற்றிக்கொண்டது. நெடுநாள் படுக்கையில் கிடந்தார். மருத்துவப் படிப்புக் கனவு போயிற்று. படுத்தபடியே அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்று, கடைசியில் புள்ளியியலுக்கு வந்து சேர்ந்தார். அவர் அமைத்த ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின் முடிவு 1948இல் வெளிவந்தது. எந்த நோயைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? அதே காசநோய்! மருந்து கிடைத்தவர்கள் 55 பேர். ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4. படுக்கை ஓய்வு மட்டும் பெற்றவர்கள் 52 பேர், இறந்தவர்கள் 14.

"உயிரோடு சீட்டு விளையாடுவதா? இது கொடுமை அல்லவா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எது மேல் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு சீட்டுக் குலுக்கினால் அது கொடுமையேதான். தெரியாதபோது என்ன செய்வது? அப்போது தெரிந்தது போல நடித்து எல்லோரையும் ஒரே வழியில் அனுப்புவதுதான் ஆபத்து என்பது என் கருத்து. இதற்கு ஓர் உதாரணம் உண்டு. நெஞ்சுக்குள் ஓடும் ஒரு தமனியைக் கட்டிவிட்டால் இதய வலி தீரும் என்று ஒரு காலத்தில் ஓர் ஆபரேஷன் நடைபெற்று வந்தது. செய்துகொண்டவர்கள் வலி குறைந்ததென்றே சொன்னார்கள். 1959இல் அமெரிக்காவில் லியோனார்டு காப் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 17 நோயாளிகளை எடுத்துக்கொண்டனர். 8 பேருக்குத் தமனியைக் கட்டினர். 9 பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டனர். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள்! கட்டியதால் தனிப் பலன் ஏதுமில்லை. அந்த ஆபரேஷன் அதோடு ஒழிந்தது.

இப்போது சென்னைக்குத் திரும்புவோம். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அமைத்த மையம் அது. வாலஸ் பாக்ஸ் என்ற மருத்துவர் தலைவராக வந்தார். எஸ். ராதாகிருஷ்ணா போன்ற புள்ளியியலாளர்கள் தொடக்க ஆண்டுகளிலிருந்தே மருத்துவர்களோடு சமமாக உட்கார்ந்து திட்டம் தீட்டினார்கள். காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் வைத்தால்தான் குணமாகுமா, நெரிசலான வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட முதல் வழக்கு. 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். வீடே போதும் என்ற தீர்ப்பு 1959இல் வெளியாகி உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மாற்றியது.

அது மருந்து பற்றிய வழக்கு. கத்தி சம்பந்தப்பட்ட வழக்கு பின்னால் வந்தது.

காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை, முதுகெலும்பையும் அரிக்கும். முள்ளெலும்புகளின் முன்பகுதி கரைந்துபோக, மேலேயுள்ள எலும்பு முன்புறமாகச் சரிகிறது. முதுகு கூனிவிடுகிறது. சீழ் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கும். கூன் விழுந்த குழந்தையை அந்நாளில் எந்தத் தெருவிலும் காணலாம். இதற்கு என்ன செய்வது என்பதில் மருத்துவர்கள் இரு கட்சியாக நின்றார்கள். ஹாங்காங்கில் ஹாட்ஜ்சன், ஸ்டாக் என்ற இருவர் 1950களில் துணிச்சலான ஓர் ஆபரேஷனை உருவாக்கினார்கள். மார்பு வழியாக உள்ளே சென்று, கெட்ட எலும்பு முழுவதையும் சுரண்டி எடுத்து, அந்த இடத்தில் நல்ல எலும்புத் துண்டைப் பொருத்துவது அது. நைஜீரியாவில் கான்ஸ்டாம் என்ற மருத்துவரோ, "ஆபரேஷனும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். மருந்தைச் சாப்பிட்டுக்கொண்டு நடமாடட்டும்" என்றார். இருவர் கையிலும் குணமானவர்கள் ஏராளம். யாரை நம்புவது?

கொரியா, ரொடீஷியா (இன்றைய ஜிம்பாப்வே), ஹாங்காங் ஆகிய இடங்களில் பிரிட்டிஷ் கழகம் ஒப்பீட்டுச் சோதனைகளைத் தொடங்கியது. ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய நம்பிக்கைகள் உதிர்ந்தன. மாதக்கணக்கில் படுக்கையில் கிடத்துவதால் கூடுதல் பலன் இல்லை. உடம்பைச் சுற்றி மாவுக்கட்டுச் சட்டை போடுவதாலும் இல்லை. ஆனால் ஹாங்காங் ஆபரேஷனில் மட்டும் கூன் குறைவாகவே விழுந்தது. அதற்குள் ரிபாம்பிசின் என்ற வலிமையான புது மருந்தும் வந்துவிட்டது. அந்த மருந்தையும் அந்த ஆபரேஷனையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கும் களமாகச் சென்னை அமைந்தது. 1970களின் நடுவில், ஏறக்குறையப் பெரம்பூரில் பைபாஸ் நடந்த அதே காலத்தில், சென்னையில் இச்சோதனை தொடங்கியது.

மூன்று அணிகள். முதல் அணிக்கு ஆபரேஷனும் ஆறு மாத மருந்தும். இரண்டாம் அணிக்கு ஆறு மாத மருந்து மட்டும். மூன்றாம் அணிக்கு ஒன்பது மாத மருந்து மட்டும். மருந்துகள் ரிபாம்பிசின், ஐசோனியசிட் இரண்டுமே. அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க முடியாத அளவு கால் செயலிழந்தவர்களை இதில் சேர்க்கவில்லை. அவர்களை வைத்துச் சீட்டுக் குலுக்குவது சரியல்ல.

இங்கே புள்ளியியலாளரின் கைவேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். இப்படிப்பட்ட சோதனைகளில் சீட்டு, ஒளி ஊடுருவாத உறைக்குள் எண்ணிட்டு மூடியிருக்கும். நோயாளியைச் சோதனையில் சேர்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகே உறை திறக்கப்படும். ஏன்? அடுத்த சீட்டு 'ஆபரேஷன்' என்று முன்பே தெரிந்தால், "இந்தப் பிள்ளை தாங்க மாட்டான், அடுத்தவனைச் சேர்ப்போம்" என்று எந்த மருத்துவருக்கும் மனம் இளகும். அந்த இரக்கமே கணக்கைக் கெடுத்துவிடும். அடுத்தது, 'குணம்' என்றால் என்ன என்று முதலிலேயே எழுதி வைத்துவிட வேண்டும். சீழ்க்கட்டி இல்லை, கால் செயலிழப்பு இல்லை, வழக்கமான வேலைகளைச் செய்ய முடிகிறது, எக்ஸ்-ரேயில் நோய் அடங்கியிருக்கிறது. இவை எல்லாம் சேர்ந்தால்தான் குணம். அடுத்து, கூனின் அளவு. பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்-ரே படத்தில் கோடுகள் போட்டுக் கோணத்தை அளந்தார்கள். உங்கள் ஜியோமிதிப் பெட்டியில் தூங்கும் பாகைமானி இருக்கிறதே, அதே வேலைதான்! "நன்றாக நிமிர்ந்துவிட்டான்" என்று வாய்ச்சொல்லாகச் சொல்ல இடமில்லை. இத்தனை டிகிரி என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு விதி முதலில் அநியாயம் போலத் தோன்றும். வேறேதோ ஒரு சோதனையில் 100 பேருக்கு ஆபரேஷன் சீட்டு வந்ததாக வைத்துக்கொள்வோம். ஆபரேஷனுக்குக் காத்திருக்கும்போதே 5 பேர் இறந்துவிடுகிறார்கள். அறுவை மருத்துவர், "நான் கத்தியை எடுக்கவே இல்லையே, அந்த ஐவரை என் கணக்கிலிருந்து நீக்குங்கள்" என்கிறார். புள்ளியியலாளர் மறுக்கிறார். அந்த ஐவர் நோய் முற்றியவர்கள். அவர்களைப் போன்ற ஐவர் மாத்திரை அணியிலும் இருப்பார்கள். அவர்களை அங்கே வைத்துக்கொண்டு இங்கே மட்டும் நீக்கினால் தராசு சாய்ந்துவிடும். எந்தச் சீட்டு வந்ததோ அந்த அணியிலேயே கடைசிவரை எண்ண வேண்டும்.

சென்னைச் சோதனை இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிந்துவிடவில்லை. நோயாளிகளைப் பத்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். முகவரி மாறியவர்களை, வேலை தேடி வேற்றூர் போனவர்களை, திருமணமாகிப் போன பெண்களைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள்! பத்தாண்டு அறிக்கை 1999இல் வெளிவந்தது. ஆபரேஷன் அணியில் 78 பேரில் 90 சதவீதத்தினர் நல்ல நிலையில் இருந்தார்கள். ஆறு மாத மருந்து அணியில் 78 பேரில் 94 சதவீதம். ஒன்பது மாத மருந்து அணியில் 79 பேரில் 99 சதவீதம்.

"ஆகா, மாத்திரை கத்தியை வென்றுவிட்டது!" என்று குதிக்காதீர்கள். 78 பேரில் 90 சதவீதம் என்றால் 70 பேர். 94 சதவீதம் என்றால் 73 பேர். மூன்று பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. சரியாகச் சொன்னால், மார்பைப் பிளந்து செய்யும் ஆபரேஷன் இல்லாமலே, நடமாடிக்கொண்டே ஆறு மாதம் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலோருக்குப் போதும் என்பதே முடிவு. பெரிய ஆபரேஷன் வசதி இல்லாத ஊர்களுக்கு இது எவ்வளவு நிம்மதி!

ஆனால் அதே கணக்கு ஓர் எச்சரிக்கையும் தந்தது. 15 வயதுக்குக் குறைந்தவர்களில், சேரும்போதே 30 டிகிரிக்கு மேல் கூன் இருந்தவர்களுக்கு, மருந்தால் நோய் அடங்கியும் கூன் மிகவும் அதிகமாகிக்கொண்டே போனது. வளரும் பருவத்தில் முள்ளெலும்பின் முன்பகுதி அழிந்து, பின்பகுதி மட்டும் வளர்ந்தால் முதுகு வளையாமல் என்ன செய்யும்? மருந்து போதும் என்ற விதி இந்தப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. எல்லோரையும் ஒரே சராசரியில் கரைத்திருந்தால் இவர்கள் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

சரி, பெரம்பூர் பைபாஸ் என்னவாயிற்று? அந்தக் கேள்விக்கும் சீட்டுக் குலுக்கினார்கள், இங்கல்ல, அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் சோதனை 1977இல் வெளியானபோது அறுவை மருத்துவர்கள் திடுக்கிட்டார்கள். மூன்றாண்டு முடிவில் உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையில் இரு அணிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை! காரசாரமான விவாதம் நடந்தது. கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் படித்த சலீம் யூசுப்பும் அவருடைய குழுவினரும் ஏழு சோதனைகளின் 2,649 நோயாளிகளை ஒன்றாகத் திரட்டி 1994இல் கணக்குப் பார்த்தார்கள். ஐந்தாண்டுகளில் இறந்தவர்கள் பைபாஸ் அணியில் 10.2 சதவீதம், மருந்து அணியில் 15.8 சதவீதம். மருந்து அணியினரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் பத்தாண்டுக்குள் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். ஆயினும் அவர்கள் மருந்து அணியிலேயே எண்ணப்பட்டார்கள். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். பைபாஸால் அதிகம் பயனடைந்தவர்கள் யார் என்பதும் அந்தக் கணக்கில் வந்தது. மூன்று குழாய்களும் அடைத்தவர்கள், இடப்பக்கக் குழாயின் அடித்தண்டிலேயே அடைப்பு உள்ளவர்கள். அடைப்பு லேசாக இருந்தவர்களுக்குக் கத்தியால் ஆயுள் கூடியதாகக் கணக்கு காட்டவில்லை.