இரட்டை நகர் உறவு: நம் பக்கம் கையெழுத்து யாருடையது?

– ஒதியம்பட்டு மொத்த வியாபாரி ஒருவர்



'இரட்டை நகரம்' என்றதும் நம்மில் பலருக்கு ஐதராபாத்தும் செகந்திராபாத்தும்தான் நினைவுக்கு வரும். அவை பக்கத்துப் பக்கத்து ஊர்கள். நாம் இங்கே சொல்ல வருவது வேறு. ஒரு நாட்டில் உள்ள ஊரின் ஆட்சிமன்றமும், கடல் கடந்த இன்னொரு நாட்டில் உள்ள ஊரின் ஆட்சிமன்றமும் 'நாம் இருவரும் உறவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொள்வது. பிரெஞ்சு மொழியில் இதற்கு 'ஜுமெலாஜ்' என்று பெயர். இரட்டைப் பிள்ளை என்ற சொல்லிலிருந்து வந்தது.

வில்லியனூர் வட்டாரத்தில் பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் பல. ஆகஸ்டு விடுமுறைக்கு வந்து, திரும்பும்போது நம் கடைகளில் மிளகாய்த்தூள், வடகம், ஊறுகாய் என்று பெட்டி நிறையக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். 'அங்கே ஒரு ஊரோடு நம் ஊரைச் சேர்த்துவிட்டால் சரக்கு நேரே போகுமே' என்ற பேச்சு வியாபாரிகளிடையே அவ்வப்போது எழுவது உண்டு. ஆசை நல்லதுதான். ஆனால் இந்த உறவு எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொண்டு ஆசைப்படுவது அதைவிட நல்லது.

போரில் பிறந்த வழக்கம்

இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் பாழான இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரப் பெண்கள் 830 பேர், ஆளுக்கு ஆறு பென்னி கொடுத்து, ஒரு மேசை விரிப்பில் தங்கள் பெயர்களைப் பூத்தையலாகப் போட்டு, அதே போரில் அழிந்த ரஷ்ய நகரமான ஸ்டாலின்கிராடுக்கு அனுப்பினார்கள். 1944இல் அந்த இரு நகரங்களும் முறைப்படி உறவு நகரங்கள் ஆயின. அந்த ஸ்டாலின்கிராடுதான் பின்னாளில் வோல்கோகிராடு என்று பெயர் மாறி, 1966இல் நம் சென்னைக்கும் உறவு நகரம் ஆனது.

போர் முடிந்ததும் பிரான்சும் ஜெர்மனியும் இந்த வழியைப் பிடித்துக்கொண்டன. பிரான்சின் மோன்பெலியார் நகர மேயர், ஜெர்மானியரின் சிறைமுகாமில் வதைபட்டுத் திரும்பியவர். அவரே முன்னின்று 1950இல் ஜெர்மனியின் லூட்விக்ஸ்பூர்க் நகரோடு கைகோத்தார். மறு ஆண்டு, 1951இல், ஜெனீவாவில் ஐரோப்பிய உள்ளாட்சிகளின் பேரவை தொடங்கப்பட்டு இந்த வேலையைப் பரப்பியது. 1963இல் தெகோலும் அடனாவரும் எலிசே உடன்படிக்கையில் கையெழுத்திட்ட பிறகு வேகம் கூடியது. இன்று அந்த இரு நாடுகளுக்கு இடையே மட்டும் இத்தகைய இணைப்புகள் 2,000க்கு மேல் உள்ளன. 1989 முதல் ஐரோப்பியச் சமூகமே இதற்கு நிதியுதவியும் கொடுக்கத் தொடங்கியது.

இதெல்லாம் பெரிய நகரங்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் சுமார் 35,000 கொம்யூன்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேல் 500 பேர்கூட இல்லாத சிற்றூர்கள். அப்படிப்பட்ட சின்ன ஊர்களும் அயல்நாட்டு ஊர்களோடு உறவு வைத்துள்ளன. மக்கள் தொகையைப் பார்த்தால் நம் வில்லியனூர் கொம்யூன் அவற்றுக்கெல்லாம் அண்ணன்.

கைமாறுவது என்ன?

பள்ளிப் பிள்ளைகள் போய் வருகிறார்கள். ஓட்டலில் அல்ல, ஒருவர் வீட்டில் ஒருவர் தங்குகிறார்கள். பந்தாட்டக் குழு போகிறது, இசைக்குழு வருகிறது. ஊர்த் திருவிழாச் சந்தையில் உறவு ஊருக்கென்று ஒரு கடை போடுகிறார்கள். அந்த ஊர்ப் பாலாடைக்கட்டியும் ஒயினும் அங்கே விற்கும். குடிநீர், குப்பை, பழைய கட்டடப் பராமரிப்பு போன்றவற்றில் அதிகாரிகள் ஒருவரிடம் ஒருவர் கற்கிறார்கள். பிரான்சில் 2005இல் வந்த ஒரு சட்டப்படி, உள்ளாட்சிகள் தங்கள் குடிநீர், கழிவுநீர்க் கணக்கில் நூற்றுக்கு ஒன்று வரை அயல்நாட்டு ஊர்களின் குடிநீர் வேலைக்குச் செலவிடலாம்.

இனி, கைமாறாதது. உறவு ஊர் என்பதற்காகச் சுங்கவரியில் காலணாவும் குறையாது. உணவுப் பொருளுக்கு உள்ள ஐரோப்பியத் தரக் கட்டுப்பாடு அப்படியே இருக்கும். ஏற்றுமதி செய்பவர் எப்போதும் போல் உரிமமும் பரிசோதனைச் சான்றும் எடுத்தாக வேண்டும். வாங்குகிறவர் யார், அவருக்கு என்ன பிடிக்கும் என்று முகம் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு வாசல் திறக்கும், அவ்வளவே. ஆனால் வியாபாரத்தில் அந்த அறிமுகத்துக்கும் விலை உண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல.

புதுவையிலேயே நடந்தது

வெளியூர் உதாரணம் எதற்கு? நம் புதுவையிலேயே இதற்கு நெருக்கமான ஒன்று நடந்திருக்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் 'ஆசியா அர்ப்ஸ்' என்ற திட்டத்தில், 2002 முதல் 2004 வரை, புதுச்சேரி நகராட்சியோடு பிரான்சின் வில்நேவ்-சுர்-லோத் நகரமும் இத்தாலியின் உர்பினோ நகரமும் சேர்ந்து வேலை செய்தன. வில்நேவ் 13ஆம் நூற்றாண்டில் கட்டம் போட்டது போல் தெரு வகுத்துக் கட்டிய ஊர். உலர்ந்த பிளம்ஸ் வியாபாரத்துக்குப் பேர் போனது. உர்பினோ, ஓவியர் ரஃபேல் பிறந்த ஊர். பழைய நகரம் முழுவதையும் கட்டிக் காப்பாற்றி, 1998இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பிடித்தது.

பழைய வீடுகளைக் காப்பாற்றினால் ஊருக்கு வருமானமும் வரும், சுற்றுப்புறமும் சீர்ப்படும் என்று காட்டுவதே அந்தத் திட்டத்தின் நோக்கம். அதற்கு முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது கல்வே சுப்பராய செட்டி வீதி, அதாவது நம் வைசியாள் வீதியின் ஒரு பகுதி. வெள்ளைக்காரர் தெருவை விட்டுவிட்டுத் தமிழ் வணிகர் தெருவை எடுத்தார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். திண்ணையும், தெருவை நோக்கி மரத்தூண் தாங்கும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் அவை. திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தும், வழிப்போக்கருக்கு நிழல் கொடுத்தும் வாழ்ந்த வணிகக் குடும்பங்களின் அடையாளம் அது. வீட்டுக்காரர்கள், நகராட்சி, இன்டாக் அமைப்பு ஆகிய மூவரும் கூடி முகப்புகளைப் பழையபடி சீராக்கினார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று இந்தத் தெருவுக்குக் கிடைத்தது.

இது நிரந்தர உறவு அல்ல. காலக்கெடு வைத்த கூட்டு வேலை. திட்டம் முடிந்ததும் கணக்கு முடிந்தது. ஆனாலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 'நல்லுறவு வளர்ப்போம்' என்று பொதுப்படையாகப் பேசாமல், ஒரு தெரு, இன்ன வேலை, இத்தனை ஆண்டு என்று அளந்து செய்ததால்தான் கையில் ஒரு பலன் நின்றது. கையெழுத்து விழாவும் குரூப் போட்டோவுமாக நின்றுபோன நகர் உறவுகள் உலகில் எத்தனையோ உண்டு.

மேர் இல்லாத மேரி

வில்லியனூர் இப்படி ஓர் உறவை நாட வேண்டும் என்றால் முதல் கேள்வி, நம் பக்கம் கையெழுத்துப் போடுவது யார் என்பதுதான்.

'கொம்யூன்' என்ற சொல்லே பிரெஞ்சுக்காரர் விட்டுப் போனது. 1880இல் வந்த ஆணைப்படி, ஊர்மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றமும் அதற்கு ஒரு மேரும் ஏற்பட்டபோது, வில்லியனூரும் பாகூரும் முதல் வரிசையிலேயே கொம்யூன் ஆயின. பிரான்சிலிருந்து ஒரு ஊரின் மேர் வந்தால் தமக்கு நிகரான ஒருவரைத்தான் தேடுவார். ஆனால் நம் பகுதியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். இடைவெளி 38 ஆண்டு. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்த பிறகும் தேர்தல் இல்லாமலே ஆண்டுகள் பல ஓடின. கடற்கரைச் சாலையில் 2014இல் இடிந்து விழுந்த மேரிக் கட்டடத்தைப் பழைய சாயலிலேயே திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். கட்டடம் திரும்ப வந்தது, மேர் வரவில்லை.

அதிகாரிகள் திறமையற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆணையர் இன்று இங்கே இருப்பார், நாளை காரைக்காலுக்கு மாற்றலாவார். புதிதாக வருபவருக்குப் பழைய கடிதம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்றே தெரியாது. கடிதத்துக்குப் பதில் போடாத வியாபாரிக்கு யார் மறுபடி சரக்கு அனுப்புவார்கள்? உரிமக் கட்டணமும் வீட்டு வரியும் கட்டுகிற நாம், தெரு விளக்குக்காக மட்டும் அல்ல, ஊரின் பெயரால் பேச ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவும் உள்ளாட்சித் தேர்தலைக் கேட்க வேண்டியவர்கள்.

சங்கம் செய்யக் கூடியது

வெளிநாட்டு ஊரோடு ஒப்பந்தம் என்றால் மத்திய அரசின் இசைவு வேண்டும். அது உள்ளாட்சியும் அரசும் செய்ய வேண்டிய வேலை. வெளிநாட்டுப் பணத்தைச் சங்கம் நேரே வாங்கவும் கூடாது. அதற்கு 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிப் பதிவோ முன் அனுமதியோ தேவை. யாராவது 'உறவு நகரத் திட்டம், முன்பணம் கட்டுங்கள்' என்று வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நம்மால் ஆகக் கூடியது மூன்று. ஒன்று, நம்மிடம் காட்ட என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதுவது. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு. திருக்காமீஸ்வரர் கோயில் தேரும் லூர்து மாதா கோயில் திருவிழாவும் வெளியூராரை இழுப்பவை. இரண்டு, பிரான்சில் உள்ள நம் உறவினர்களிடம் அவர்கள் இருக்கும் ஊரின் சந்தை, தேவை, உறவுக் குழு பற்றி விசாரித்து எழுதி வைப்பது. மூன்று, அந்த ஏட்டைச் சங்கத்தில் பத்திரமாக வைத்து, நிர்வாகிகள் மாறினாலும் தொடர்வது.

நாளை மன்றம் ஒன்று அமைந்து, மேசைமேல் ஒப்பந்தம் வரும்போது, 'இதோ எங்கள் ஊரின் இருப்புக் கணக்கு' என்று எடுத்து வைக்க நம்மிடம் ஓர் ஏடாவது இருக்கட்டும். இருப்பு தெரியாமல் எந்தக் கடையும் கூட்டுச் சேரக் கூடாது. ஊருக்கும் அதுவே முறை.